பிபி மிஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்

காலை 6 மணி 148/92. 6.05-க்கு 139/86. 6.10-க்கு 152/94. இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிய நோட்டோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "ராத்திரி ஏறிடுச்சு டாக்டர், அதான் இன்னொரு மாத்திரை போட்டுக்கிட்டேன்" என்பார்கள் பாருங்கள், அங்கேதான் பகீரென்கிறது.

பிபி ஆதார் எண் மாதிரி மாறாத எண் அல்ல. படியேறினால் ஏறும், பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கினாலும் ஏறும். தூக்கத்தில் இறங்கும். ஐந்து நிமிடத்தில் 10 புள்ளி கூடுவதும் குறைவதும் சகஜம். மிஷின் பழுதும் இல்லை, புது நோயும் இல்லை. எண்ணைப் பார்த்ததும் பதற்றம், பதற்றத்தோடு மறுபடி அழுத்தினால் இன்னும் அதிகம். இது தெரியாமல் கூடுதல் மாத்திரை போட்டவர், விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்து தலைசுற்றி விழுகிறார். இடுப்பெலும்பு முறிவுக்கு அப்புறம் பிபியைப் பற்றி யார் பேசுவது?

பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். டாக்டரைப் பார்க்க வருமுன் ஏழு நாள், காலை மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் வேண்டாம். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை சட்டைக்கு மேல் அல்ல, வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் (கடைக்காரர் இதைச் சொல்வதே இல்லை). முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். 135/85-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். பிறகு மிஷினை அலமாரியில் வையுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர்களுக்கும் இதுதான். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது 1965-ல் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவ விதி அல்ல. தூக்க மதிப்பெண்ணும் கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துப் போடும் ஊகம்தான். எழுந்ததும் தெம்பாக இருந்தால் நன்றாகத் தூங்கினீர்கள், அவ்வளவுதான்.

தயவுசெய்து ஒன்று மட்டும். 180/120 தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கைகால் பலவீனம், பார்வை மங்கல் எதுவாவது கூட இருந்தால் 108-ஐ அழையுங்கள். உட்கார்ந்து மூன்றாவது தடவை பட்டை சுற்றிக்கொண்டிருக்காதீர்கள்.