'கைப்பற்றப்பட்ட' பிரேக் டிரம்மா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கான ஒரு வீடியோவின் தமிழ்த் தலைப்பு நேற்று மறுபடியும் கண்ணில் பட்டது: 'கைப்பற்றப்பட்ட பிரேக் டிரம்மை அகற்றுவது எப்படி'. இதோடு நாலாவது தடவை, அதனால் எழுதிவிடுகிறேன். பிரேக் டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கிண்ணம், உள்ளிருந்து பிரேக் கட்டை அதை அழுத்தினால் வண்டி நிற்கும். அது துருவில் ஒட்டிக் கழல மறுப்பதைத்தான் தலைப்பு சொல்ல வருகிறது.

மூலச்சொல் 'சீஸ்' (seize). பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, நிலத்தைச் சட்டப்படி உடைமையாக்குவதைக் குறித்த சொல். எந்திரம் அசையாமல் நின்றுபோவது என்ற பொருள் பின்னால் ஏறியது. மொழிபெயர்ப்பவர் முதல் பொருளோடு நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

இதற்குப் பதிலாகச் சிலர் 'உறைந்த டிரம்' என்கிறார்கள். கேட்க அழகாக இருப்பதால் இதுதான் பரவுகிறது, இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். நெய் உறையும், தயிர் உறையும், ரத்தம் உறையும். இளகிக் கிடப்பது கெட்டியாவதுதான் உறைதல். டிரம் வார்ப்பிரும்பு, பட்டறையிலிருந்து வரும்போதே கெட்டி. 'இறுகிய டிரம்' என்பதும் சரியில்லை. இறுகியதை நெம்பினால் போதும் என்று படிப்பவர் நினைப்பார், நெம்பினால் விளிம்பு உடையும்.

நம்மிடம் சொல் இல்லையா என்ன? அடுப்பில் சோறு அடிபிடிக்கிறது, சுவரில் பாசி பிடிக்கிறது, இரும்பில் துருப்பிடிக்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிரிய மறுப்பதற்கு 'பிடித்தல்' என்று அடுக்களையிலேயே சொல் இருக்கிறது.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு அம்பாசடர் ஹேண்ட் பிரேக் போட்டபடி மூன்று மழைக்காலம் நின்றது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாரும் வந்தபோது ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தால் பின்சக்கரம் உருளவே இல்லை. காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "பிடிச்சுக்கிச்சுண்ணே" என்றார். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், அதனால் டிரம்மும் சக்கரத்தின் நடுக்குடமும் (ஹப்) பொருந்துகிற மெல்லிய இடைவெளியில் ஆப்பு மாதிரி இறங்கிவிடும். துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, போல்ட்டுகளுக்கு நடுவே சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். முதலில் 'டொக் டொக்' என்று அடைத்த சத்தம். செம்பொடி உதிர உதிர அது 'ணங்' என்று மாறியது, டிரம் விரலளவு வெளியே வந்து நின்றது. உடனே தட்டுவதை நிறுத்தினார். "இது பிடிப்பு இல்லண்ணே, கட்டை மாட்டுது." தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் எழும்பியிருந்த விளிம்பில் பிரேக் கட்டை சிக்கியிருந்தது. கட்டையின் நெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் டிரம் கையோடு வந்தது.

பிடிப்பது வேறு, மாட்டுவது வேறு. ஒன்றுக்கு எண்ணெயும் தட்டும், மற்றதற்கு அட்ஜஸ்டர். இரண்டையும் 'உறைவு' என்று ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் எதைச் செய்வார்?

அதே வீடியோவில் பிரேக் ஷூ 'பிரேக் காலணி' ஆகியிருக்கிறது. சைக்கிள் ஓட்டிய எவருக்கும் பிரேக் கட்டை தெரியும். தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிற காரைக்குடிப் பக்கம் பட்டறைகளில் புழங்கும் தமிழை, தமிழில் எழுதுகிறவர்கள் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டிரம்மை டிரம் என்றே வைத்துக்கொள்ளலாம், 'தடுப்பு முரசு' எல்லாம் வேண்டாம்.

'பிடித்துக்கொண்ட பிரேக் டிரம்மைக் கழற்றுவது எப்படி' என்று எழுதினால் போதும். அகற்றுவது இல்லை, கழற்றுவது. துருவைத் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டத்தானே போகிறோம்.