பாட்டியின் வசனத்தை மாற்றாதீர்கள்

கடந்த மாதம் ஒரு பள்ளியின் ஆண்டு விழா ஒத்திகையைப் பார்க்க அழைத்திருந்தார்கள். 'மாணவர்களே எழுதி இயக்கும் நாடகம்' என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய முதல் வடிவத்தை அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் படித்தேன். பள்ளி விட்டு வரும் பேரன், "குட்டி எங்க பாட்டி?" என்று கேட்கிறான். பாட்டி, "கை கால கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்கிறாள். ஆட்டுக்குட்டி விற்கப்பட்டுவிட்டது என்பதும், அதைச் சொல்லப் பாட்டிக்கு வாய் வரவில்லை என்பதும் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகின்றன. மேடைக்கு வந்த வடிவத்தில் பாட்டி ஒலிவாங்கியைப் பார்த்து, "அன்புப் பேரனே, வறுமையின் கொடுமையால் நம் ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டேன்" என்று ஒப்பித்தாள். கடைசியில் ஐந்து பேர் வரிசையாக நின்று, கால்நடைகளைக் காப்போம் என்று முழங்கினார்கள். இயக்குநர் என்று பெயர் போடப்பட்ட மாணவன் திரைச்சீலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றான்.

பள்ளிகளில் நாடகப் பயிற்சி அளித்துவரும் நான் இதைப் போல் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இனியும் பேசாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகளுக்கு வசனம் எழுத வராது என்று எல்லா ஆசிரியர் அறையிலும் சொல்கிறார்கள். தவறு. மதிய உணவு இடைவேளையில் பத்து நிமிடம் மரத்தடியில் நின்று கேளுங்கள். பேருந்து நடத்துநர் சில்லறைக்குக் கத்துவதையும், ரேஷன் கடை வரிசையில் நடந்த சண்டையையும், உங்களையும்கூட, குரல் மாறாமல் நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அதுதான் வசனம். 'எழுது' என்று தாளை நீட்டியவுடன் அது மறைந்துவிடுவதற்குக் காரணம், கட்டுரைத் தமிழுக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று நாம் அவர்களைப் பழக்கியிருப்பதே. ஆகவே முதலில் நடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பேசப் பேச இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். எழுதுவது அதற்குப் பிறகுதான். சிவப்பு மைப் பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். எழுத்துப் பிழை பார்வையாளரின் காதில் விழுவதில்லை.

வாத்தியார் எழுதிக் கொடுத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதுதானே நம் நாடக மரபு என்று சிலர் தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளைத் துணைக்கு அழைக்கிறார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சிறுவர்கள் நடிப்பைத் தொழிலாகக் கற்ற குழு. பள்ளி நாடகத்தின் நோக்கம் வேறு. 2022–23 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்கான கலைப் போட்டியாக நடைபெறும் கலைத் திருவிழா, இதுவரை மேடையே ஏறாத பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பாக இருக்கிறது. ஆனால் பரிசு என்ற சொல் காதில் விழுந்ததும் பேனா ஆசிரியர் கைக்கு மாறிவிடுவதைத்தான் பார்க்கிறேன்.

இயக்கும் மாணவருக்கு வேடம் கொடுக்காதீர்கள். அவர் பார்வையாளர் இடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். அவர் செய்வது சரியில்லை என்று தோன்றினால், "பாட்டி இப்போது எங்கே பார்க்கிறாள்?" என்பதுபோல் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம், ஒரே இடம், நான்கைந்து பாத்திரங்கள் போதும். முன்பே பதிவுசெய்த குரலுக்கு வாயசைக்க வைப்பதை அறவே விடுங்கள். பருமனான பிள்ளையையும் கறுத்த பிள்ளையையும் சிரிப்புக்காக நிறுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். தூக்குக் காட்சிக்கு ஒத்திகையிலும் கயிற்றைக் கழுத்தில் மாட்டக் கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, கண்டித்தே சொல்கிறேன்.

இன்னொன்றை மிகுந்த கவனத்தோடு படியுங்கள். தானாக எழுதும் பிள்ளை சில நேரம் தன் வீட்டையே எழுதிவிடும். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவோ, தனியாக இருக்கும்போது வரும் உறவினரோ அந்தத் தாளில் இருக்கலாம். அதைக் குழுவின் முன் வாசிக்காதீர்கள், 'நன்றாக எழுதியிருக்கிறாய்' என்று மேடைக்கும் அனுப்பாதீர்கள். தனியே அழைத்து, துருவாமல், அவசரப்படாமல் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் வன்முறை என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பிற கொடுமைகளுக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவியின் நாடகத்தை, நோட்டில் உள்ளபடியே, ஒலிவாங்கி இல்லாமல் வகுப்பறையில் ஒருமுறை நடிக்க அரை மணி நேரம் ஒதுக்கும்படி அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கயிறு பிடித்து நின்ற மாணவனே இயக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். தேர்வுகள் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். ஐயா, தயவுசெய்து அதற்குள் அந்த ரஃப் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.