காட்டுவதற்கான ஆவணமும் கட்டுவதற்கான ஆவணமும்

பொருள், ஒளி, ஒலி ஆகியவற்றைக் கொண்டு ஓர் இடத்தையே படைப்பாக மாற்றும் நிறுவல் கலையில் (இன்ஸ்டலேஷன்) ஒரு படைப்பை ஆவணப்படுத்தித் தரும்படி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான். 360 டிகிரி கேமரா போதுமா, ட்ரோன் வேண்டுமா, முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிடலாமா என்கிறார்கள். இந்த ஆவணம் யாருக்காக என்ற கேள்வி எழுவதற்குள் கருவி வாடகைக்கு வந்து இறங்கியிருக்கும்.

நானும் அப்படித் தொடங்கியவன்தான். கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் தொங்கிய ஒரு படைப்பை நான்கு நிமிடக் காணொளியாக எடுத்துக் கொடுத்துப் பாராட்டும் பெற்றேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே படைப்பை வேறோர் அரங்கில் மீண்டும் அமைக்க நேர்ந்தபோது, நூல்களுக்கிடையே இருந்த இடைவெளி எவ்வளவு, அவை தரையிலிருந்து எந்த உயரத்தில் முடிந்தன, விளக்குகள் எந்தக் கோணத்தில் திருப்பப்பட்டிருந்தன என்பவற்றில் ஒன்றைக்கூட என் காணொளியிலிருந்து கண்டறிய முடியவில்லை. கலைஞர் தம் நினைவை மட்டும் நம்பி மூன்று நாள்கள் கட்டியும் அவிழ்த்தும் சரிசெய்தார். காட்டுவதற்கான ஆவணம் வேறு, கட்டுவதற்கான ஆவணம் வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கட்டுவதற்கான ஆவணம் பார்க்க அழகாக இருக்க வேண்டியதில்லை. அளவுகளுடன் கூடிய தரைப்படம், அளவுகோலும் நிறத்தைச் சரிபார்க்க உதவும் வண்ண அட்டையும் வைத்து நேரெதிரே நின்று எடுத்த படங்கள், விளக்குகளின் வகை, புரொஜெக்டருக்கும் திரைக்குமான தொலைவு, மென்பொருளின் பதிப்பு எண், ஒலிபெருக்கிகள் இருந்த இடம் ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். இவற்றைவிட முக்கியமானது கலைஞருடனான நேர்காணல். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி பழுதானால் தட்டைத் திரையை வைக்கலாமா, அல்லது அந்தப் பெட்டியே படைப்பின் ஓர் அங்கமா என்பதைக் கலைஞர் மட்டுமே சொல்ல முடியும். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் முன்னெடுத்த மாறும் ஊடகத் திட்டம் இதற்கு நான்கு வழிகளை வகுத்தது: பொருளை அப்படியே சேமித்து வைத்தல், பழைய கருவியின் இயக்கத்தைப் புதியதில் போலச்செய்தல், புதிய ஊடகத்துக்கு மாற்றுதல், மறுவிளக்கம் செய்தல். நான்கில் எது தமக்கு உடன்பாடு என்று கண்காட்சி நடக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது என் வழக்கம்.

காட்டுவதற்கான ஆவணத்தில், படைப்பின் உயிர் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே கருவியைத் தேர வேண்டும். கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001-இல் உருவாக்கிய படைப்பில், நீள்வட்டமாக நிற்கும் 40 ஒலிபெருக்கிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடகரின் குரல் வருகிறது. பார்வையாளர் ஒரு குரலை நெருங்கும்போது மற்றவை பின்வாங்குகின்றன. அதைப் புகைப்படம் எடுத்தால் கிடைப்பது வரிசையாக நிற்கும் கறுப்புப் பெட்டிகள் மட்டுமே. ஒருவரின் இரு காதுகளிலும் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அவர் நடந்து செல்லும் வழியெங்கும் பதிவுசெய்து ஹெட்ஃபோனில் கேட்கக் கொடுத்தால், அவர் நடந்த அந்த ஒரு நடையாவது உண்மையாகக் கிடைக்கும்.

ஒளி வேறு விதமாக ஏமாற்றும். கலைஞர் ஒலாஃபர் எலியாசன் 2003-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அமைத்த செயற்கைச் சூரியனில் ஒற்றை அலைநீள விளக்குகள் பயன்பட்டதால், கூடம் முழுவதும் மஞ்சளும் கறுப்புமாகவே தெரிந்தது. இத்தகைய இடத்தில் ஒளிக்கேற்ப நிறத்தைத் தானே சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) இயங்க விட்டால், கலைஞர் வலிந்து உருவாக்கிய நிறத்தை அது பிழையென்று கருதித் திருத்த முயலும். விளக்குகளின் மினுக்கலால் காணொளியில் பட்டைகள் ஓடாதிருக்க, மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்கும் 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 நொடிக்கும் வைப்பது பாதுகாப்பானது. சில எல்.இ.டி. விளக்குகளும் புரொஜெக்டர்களும் அதற்கும் அடங்குவதில்லை என்பதால், சோதனைப் பதிவொன்றைப் பெரிய திரையில் பார்க்காமல் நான் அரங்கை விட்டு வெளியேறுவதில்லை.

முப்பரிமாணப் பதிவின் மீது இன்று இருக்கும் மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல கோணப் படங்களைக் கோத்து உருவம் எழுப்பும் ஃபோட்டோகிராமெட்ரி முறையில் அடுத்தடுத்த படங்கள் குறைந்தது 60 விழுக்காடாவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். கல், மரம், மண் போன்றவற்றுக்கு அது சிறப்பாக அமையும். கண்ணாடி, நீர், புகை, அசையும் துணி, மெல்லிய நூல் ஆகியவற்றிடம் தோற்றுவிடும். காட்சியை எண்ணற்ற மங்கலான நிறப்புள்ளிகளால் எழுப்பும், 2023-இல் அறிமுகமான காஸியன் ஸ்பிளாட்டிங் முறை பிரதிபலிப்புகளையும் நுண்ணிய இழைகளையும் கண் நம்பும்படி காட்டுகிறது என்றாலும், அதைக் கொண்டு அளவெடுத்து எதையும் கட்ட நான் துணியமாட்டேன். பல படைப்புகளுக்கு, முக்காலியில் நிறுத்திய கேமராவில் வெட்டாமல் எடுத்த பத்து நிமிடப் பதிவே, அதுவும் ஆட்கள் வந்து நின்று போகும் பதிவே, இவை எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். ஆளில்லாத அரங்கின் படங்கள் படைப்பின் அளவை மறைத்துவிடுகின்றன. ஆனால் பார்வையாளர்களின் முகம் தெரியும்படி எடுப்பதானால் அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

அரங்கைத் திரையிலேயே சுற்றிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றும் மெய்நிகர் உலா எதுவும் நிலையானதன்று. ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பி உருவாக்கப்பட்டிருந்த ஊடாட்டப் பக்கங்கள் பல திறக்காமல் போயின. எனவே உலாவைக் கண்காட்சிக் காலத்துக்கான சுவரொட்டியாகக் கருதி, அதன் மூலப் படங்களையும் ஒலியையும் தரம் குறையாமல் காக்கும் கோப்பு வடிவங்களில், அதாவது படங்களை டிஃப் (TIFF) வடிவிலும் ஒலியை வேவ் (WAV) வடிவிலும் மூன்று பிரதிகளாக, இரு வகை ஊடகங்களில், ஒன்றை வேறோர் இடத்தில் என்ற முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியிலும் அகப்படாதவை எஞ்சியே இருக்கும். ஜெர்மானியக் கலைஞர் வோல்ஃப்காங் லைப் தேன்மெழுகு பூசி அமைத்த அறைகளின் மணத்தை எந்தக் கேமராவும் எடுத்துவராது. அதனால் நான் ஒப்படைக்கும் ஒவ்வோர் ஆவணத்திலும், இதில் இடம்பெறாதவை என்ற தலைப்பில் ஒரு பக்கம் சேர்க்கிறேன். அறையின் மணம், தரையின் அதிர்வு, நுழைந்தவுடன் உடலில் பட்ட வெப்பம் ஆகியவற்றை அதில் எழுதுகிறேன். அரங்கை விட்டு வெளியே வருபவர்களிடம் உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்களுடைய சொற்களிலேயே அதன் கீழே சேர்த்துவிடுகிறேன்.