கிராஸ் பிளாட்ஃபார்ம்: குறுக்கா, கடப்பா, பல்தளமா?

சென்னையில் பிளாட்பாரம் என்றால் இரண்டு. ரயில் வந்து நிற்பது ஒன்று, தெருவோரம் இட்லிக் கடை போடுவது இன்னொன்று. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் நாக்கு நிமிர்ந்துகொண்டு 'பிளாட்ஃபார்ம்' என்கிறது. அது செயலி எழுதுகிறவர்களின் பிளாட்ஃபார்ம்: ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என்று செயலி ஓடுகிற இடம். அதன் முன்னால் ஒரு 'கிராஸ்' ஒட்டிக்கொண்டால், தமிழில் அதை எப்படிச் சொல்வதென்று குழப்பம் ஆரம்பம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணா, கிராஸ் பிளாட்ஃபார்ம்னா ஒரே கோடு (நிரல்) ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ரெண்டுலயும் ஓடும்தானே? அப்புறம் ஐஃபோனுக்கு பில்டு எடுக்க மேக் கம்ப்யூட்டர் வேணும்னு ஏன் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. இப்படிச் செயலி எழுத உதவும் கருவிகளில் ஃப்ளட்டரா ரியாக்ட் நேட்டிவா என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஐஃபோன் செயலியைக் கட்டித் தரும் எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். ஆகவே சொந்தமாகவோ வாடகைக்கோ எங்காவது ஒரு மேக் இருந்தே ஆக வேண்டும். சொல் கொடுத்த நம்பிக்கை ஒன்று, வேலை கேட்பது இன்னொன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சில் 'பிளாட் ஃபோர்ம்' என்றால் தட்டையான வடிவம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், தரைப்படம், பீரங்கி நிறுத்தும் மேடை, ரயிலடி, கட்சியின் கொள்கை அறிக்கை என்று பல வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் கணினிக்குள் நுழைந்தது. அந்தப் 'பிளாட்'டின் வேர் கிரேக்கத்தில் 'அகன்ற' என்று பொருள்படும் சொல். வடமொழிப் 'பிருது'வும் அதே குடும்பம். பஞ்சபூதத் தலங்களில் பிருதிவித் தலம் என்கிறோமே, அந்தப் பிருதிவி பிளாட்ஃபார்முக்கு ஒன்றுவிட்ட உறவு!

தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் 'தளம்'. அதுவும் வடமொழித் 'தல'த்தின் வழி வந்ததுதான். பரப்பு, அடிப்பகுதி என்று பொருள். உள்ளங்கை கரதலம், அதனால்தான் மனப்பாடத்துக்குக் கரதலப்பாடம் என்று பெயர். தளபதியில் உள்ள தளம் வேறு, அது படையைக் குறிக்கும் 'தள'த்திலிருந்து வந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் அடிக்கடி மயக்கம் வரும். வடமொழி வேண்டாம் என்பவர்களுக்கு மேட்டிலிருந்து பிறந்த 'மேடை' இருக்கிறது. ரயில்வே அதைத்தான் 'நடைமேடை' ஆக்கிக்கொண்டது. ஆனால் கணினிக்கு அது ஒட்டவில்லை. மேடை என்றதும் மைக்கும் மாலையும்தானே நினைவுக்கு வருகின்றன.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வழங்கும் 'இயங்குதளம்' என்ற சொல்லைச் சிலர் குறை சொல்வதுண்டு, தளம் எங்கே இயங்குகிறது என்று. ஓடுதளம் ஓடுகிறதா? விமானம்தான் அதில் ஓடுகிறது. ஏவுதளத்தில் ஏவப்படுவது ராக்கெட். அப்படித்தான் இயங்குதளமும்: செயலிகள் இயங்குவதற்கான இடம். வினைத்தொகை நமக்கு இலவசமாகக் கொடுத்த வசதி இது. என்னைக் கேட்டால், ஆங்கிலச் சொல்லைவிட இதுவே பொருளைத் துலக்கமாகச் சொல்கிறது.

இனி அந்தக் 'கிராஸ்'. அகராதியைத் திறந்து 'குறுக்கு' என்று எடுத்துக்கொண்டு 'குறுக்குத்தளச் செயலி' என்று எழுதியவர்கள் உண்டு. படித்ததும் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிற ஆள்தான் கண்ணில் படுகிறார். குறுக்கு என்றால் தமிழில் வழிமறிப்பு, இல்லாவிட்டால் குறுக்குவழி. இரண்டும் இங்கே வேண்டாம்.

'தளங்கடந்த' என்பது கேட்க அழகு. அழகில்தான் கோளாறு. காலங்கடந்த, எல்லை கடந்த என்று நாம் சொல்லும்போது, அதற்கு அப்பாற்பட்டுவிட்டது, இனி அது பொருட்டில்லை என்று அர்த்தம். செயலி அப்படி எதையும் கடப்பதில்லை. 'தளஞ்சாரா' என்பது இன்னும் ஒருபடி மேலே போய்விடுகிறது. 1995இல் ஜாவா நிரல்மொழியை வெளியிட்ட சன் நிறுவனம் 'ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு' என்று முழங்கியதே, அந்த வாக்குறுதிக்குத் தளஞ்சாரா பொருந்தும், நடைமுறைக்குப் பொருந்தாது.

எங்கள் செயலியில் நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ளட்டரில் எழுதியது. ஃப்ளட்டர் பொத்தான், பட்டி எல்லாவற்றையும் தானே திரையில் வரைந்துகொள்ளும், கைபேசியின் பொத்தானைக் கடன் கேட்காது. ஆகவே இரண்டிலும் ஒரே தோற்றம் என்று நிம்மதியாக இருந்தோம். 'முன்பதிவை உறுதிசெய்' என்ற பொத்தான் ஆண்ட்ராய்டில் ஒரே வரியில் உட்கார்ந்தது. ஐஃபோனில் 'செய்' மட்டும் கீழே விழுந்து, பாதி மறைந்து கிடந்தது. காரணம் எழுத்துரு. நாங்கள் தமிழ் எழுத்துரு எதையும் கூடவே அனுப்பவில்லை. அதனால் ஆண்ட்ராய்டு தன்னிடமிருந்த நோட்டோ சான்ஸ் தமிழை எடுத்துக்கொண்டது, ஐஃபோன் தன்னுடையதை எடுத்துக்கொண்டது. (ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவை வடிவமைத்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன் என்பது இதில் ஓர் ஆறுதல்.) கோடு ஒன்றுதான், எழுத்தின் உடம்பு தளத்துக்குத் தளம் வேறு. எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்பிய பிறகுதான் 'செய்' மேலே ஏறியது.

இந்த உண்மையைக் கருவி செய்கிறவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2015இல் பொதுவில் வந்த ரியாக்ட் நேட்டிவ் ஜாவாவின் முழக்கத்தையே திருப்பிப் போட்டு, 'ஒருமுறை கற்றுக்கொள், எங்கும் எழுது' என்றது. எழுதுவது ஒருமுறை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 2023 நவம்பரில் நிலைப்பதிப்பாக வந்த கோட்லின் நிரல்மொழியின் கருவி பெயரிலேயே 'மல்டிபிளாட்ஃபார்ம்' என்று வைத்துக்கொண்டது. பொதுவான தர்க்கத்தை ஒருமுறை எழுது, திரையை வேண்டுமானால் அங்கங்கே தனியாக எழுதிக்கொள் என்பது அதன் போக்கு.

ஆகவே என் ஓட்டு 'பல்தளம்' என்பதற்கு. தளங்கள் பல, அவை பலவாகவே இருக்கும், செயலி ஒவ்வொன்றின் வாசலுக்கும் போக வேண்டும். மேக் கேட்ட தம்பிக்கு இந்தச் சொல்லிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

புணர்ச்சி பார்ப்பவர்கள் இங்கே கை தூக்குவார்கள். நன்னூல்படி பல் + தளம் 'பஃறளம்' அல்லது 'பற்றளம்' ஆக வேண்டும். பல் + துளி பஃறுளி என்ற பழைய ஆற்றின் பெயர் ஆனதைப் போல. சரிதான். ஆனால் பஃறளச் செயலி என்று எழுதினால் ஏதோ சங்ககாலத்து ஆற்றங்கரையில் தரவிறக்கம் செய்வதுபோல் இருக்கும். பல்துறை என்பதைப் பஃறுறை என்று எந்த மருத்துவமனையும் பலகையில் எழுதுவதில்லை. பல்துறைக்குக் கொடுத்த சலுகையைப் பல்தளத்துக்கும் கொடுக்கலாம். 'பன்தளம்' மட்டும் வேண்டாம். பன்மொழி, பன்னாடு ஆகியவற்றில் வரும் னகரம் பின்னால் மகரமும் நகரமும் இருப்பதால் வந்தது, தகரத்துக்கு முன் அதற்கு வேலையில்லை.

ஒரே தளத்துக்கென்று எழுதும் 'நேட்டிவ்' செயலிக்கு என்ன சொல்வது என்று தம்பி அடுத்துக் கேட்டான். நம் ஊரில் "உங்க நேட்டிவ் எது?" என்றால் திருநெல்வேலி, தஞ்சாவூர் என்றுதான் பதில் வரும். அந்த வழியில் போய்ச் 'சொந்தவூர்ச் செயலி' என்றான் அவன், சிரிக்காமல். நான் ஆவணத்தில் 'தனித்தளச் செயலி' என்று எழுதிவைத்திருக்கிறேன். பேச்சில் அவனுடையதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.