வால்பாறையில் டியூன் செய்த ரம்பம் பொள்ளாச்சியில் ஏன் சீஸ் ஆகிறது?

வேர் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அப்புறப்படுத்தும் வேலை பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இன்னும் ஓயவில்லை. தோப்பில் வேலை குறைந்தால் அதே மெஷின் ரம்பம் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு, சில்வர் ஓக் கழிக்கப் போகிறது. மேலே போனதும் கொஞ்சம் புகை கக்கும், ரேஸ் மந்தமாக இருக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைச் சிறிது மூடினால் சுறுசுறுப்பாகிவிடும். வேலை முடிந்து கீழே வந்த சில நாளில் பிஸ்டனில் கோடு விழுந்து மெஷின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். "கீழே வந்த பிறகு ஸ்க்ரூவைத் தொடவே இல்லைங்க" என்பார்கள். தொடாததால் வந்த வினைதான் அது.

ரம்பத்தைத் தலைகீழாகவும் பிடிப்போம், படுக்க வைத்தும் அறுப்போம் என்பதால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் அதன் கார்புரேட்டரில் பைக்கில் இருப்பது போல மிதவைத் தொட்டி கிடையாது. பதிலுக்கு இரண்டு டயாப்ரம், அதாவது மெல்லிய சவ்வுகள். பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸின் அழுத்தம் ஏறி இறங்கும் துடிப்பு சின்னத் துளை வழியே வந்து முதல் டயாப்ரத்தை அசைக்கிறது. அதுதான் பெட்ரோல் பம்ப். இரண்டாவது, அளக்கும் டயாப்ரம். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் பெட்ரோல் அறை. என்ஜின் காற்றை இழுக்கும்போது காற்று போகும் வழியான வென்ச்சுரியின் குறுகிய கழுத்தில் அழுத்தம் குறைந்து, அறையிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. டயாப்ரம் உள்வாங்கி ஒரு குட்டி நெம்புகோலை அழுத்துகிறது. மறுமுனையில் ஊசி வால்வு திறந்து, போன அளவுக்குப் பெட்ரோல் உள்ளே வருகிறது. அறையை விட்டு வெளியேறும் வழியில் காவல் நிற்பவைதான் எல் (குறைந்த வேகத்துக்கு), ஹெச் (முழு வேகத்துக்கு) என்ற இரண்டு ஊசி ஸ்க்ரூக்கள்.

இந்த ஏற்பாட்டில் எங்கேயும் காற்றின் எடை அளக்கப்படுவதில்லை. ஒரே வேகத்தில் சுற்றும் என்ஜின் மலையிலும் சமவெளியிலும் ஏறக்குறைய ஒரே கன அளவு காற்றைத்தான் விழுங்குகிறது. ஆனால் எரிவதற்குக் கணக்கு எடைதான். பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். வால்பாறை 1,000 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் போலக் குறைகிறது. உறிஞ்சப்படும் பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டி மாறுவதால், 4 சதவீதம்தான் குறையும். ஆகவே மேலே கலவை 4 சதவீதம் ரிச், அதாவது பெட்ரோல் மிஞ்சியது. அதற்கேற்ப ஸ்க்ரூவை மூடிவிட்டுக் கீழே கொண்டுவந்தால் அதே 4 சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைந்தது.

குளிரும் இதே வேலையைச் செய்யும். சித்திரை மதியம் 38 டிகிரியில் டியூன் செய்ததை மார்கழி விடியலில் 16 டிகிரியில் ஸ்டார்ட் செய்தால், காற்று 7 சதவீதம் கனத்திருக்கும்; கலவை மூன்றரை சதவீதம் லீன் ஆகும். பெட்ரோலும் மாறிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20க்குக் கணக்கு 13.5 அளவில் வரும். இ10 காலத்தில் வைத்த ஸ்க்ரூவில் இன்று இ20 ஊற்றினால் இன்னொரு 4 சதவீதம் லீன். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் 11 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோல் வழியாகத்தான். சிலிண்டரைக் குளிர்விப்பதிலும் அதற்குப் பங்குண்டு. பெட்ரோல் குறைந்தால் சூடு கூடும்போதே எண்ணெயும் குறைகிறது. பிஸ்டனில் கோடு முதலில் சைலன்சர் பக்கமாக விழுவது இதனால்தான்.

பயந்துகொண்டு பெட்ரோலில் கலக்கும் 2டி எண்ணெயைக் கூட்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25க்கு 1. அதை 60 ஆக்கினால் அதே ஜெட்டில் (பெட்ரோல் பாயும் சிறு துளையில்) போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவையும் கெட்டியாகி மெதுவாகப் பாய்கிறது. அதாவது இன்னும் லீன். கையேட்டில் சொன்ன விகிதத்தை மாற்றாமல் இருப்பதே நல்லது.

டியூன் செய்யும் முன் ஏர் பில்டர் சுத்தம், புது பெட்ரோல், தீட்டிய செயின், இந்த மூன்றும் வேண்டும். தென்னை நார்த் தூசி அடைத்த பில்டரோடு டியூன் செய்தால், பில்டரைக் கழுவிய அன்றே கலவை லீன் ஆகிவிடும். பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) செயினும் மாட்டியே இருக்கட்டும். ஸ்க்ரூ இரண்டையும் வலப்பக்கம் மெல்ல மூடி, உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனையும் இருக்கையும் கெடும். அங்கிருந்து எல் ஸ்க்ரூவை ஒரு சுற்று, ஹெச்சை ஒன்றேகால் சுற்று திறங்கள். பெரும்பாலான 52, 58 சிசி மெஷின்கள் இதில் ஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிடம் சூடாகட்டும்.

முதலில் எல். மெல்லத் திருப்பி, ஐடில் (ரேஸ் கொடுக்காமல் ஓடும் வேகம்) எங்கே அதிகம் ஏறுகிறது என்று பார்த்து, அங்கிருந்து இடப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று திறந்து விடுங்கள். டிரிகரைச் சட்டென்று இழுத்தால் தயங்காமல் எழ வேண்டும். 'ம்ப்' என்று திணறினால் எல் லீன். புகையோடு உருட்டி எழுந்தால் ரிச். பிறகு ஐடில் ஸ்க்ரூவால், செயின் நிற்கும்படி நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் வையுங்கள்.

ஹெச் ஸ்க்ரூவில்தான் காது வேண்டும். செயின் பிரேக்கை விடுவித்து (பிரேக் போட்டபடி முழு ரேஸ் கொடுத்தால் கிளட்ச் கருகும்), ரம்பத்தைத் தரையில் அழுத்திப் பிடித்து, இரண்டு மூன்று வினாடி மட்டும் முழு ரேஸ். ஹெச்சை மூட மூட ஒலி மழமழப்பாகி, ஒரே கீச்சுக் குரலாக மேலே ஏறும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். அங்கே விடக் கூடாது. திரும்பத் திறந்தால் ஒலி உடைந்து 'பர்ர்' என்று தடதடக்கும். சில சுற்றுகளில் தீப்பிடிக்காமல் நான்கு ஸ்ட்ரோக் போல எரிவதன் ஒலி அது. சுமையில்லாத முழு ரேஸில் இந்தத் தடதடப்பு லேசாக இருக்க வேண்டும். மரத்தில் பாரை இறக்கியதும் மறைய வேண்டும். தூக்கியதும் திரும்ப வர வேண்டும். மரத்துக்குள்ளும் தடதடத்தால் ரிச். வெளியே தடதடப்பே இல்லையென்றால் லீன். சோதிக்க வேப்பமோ சீமைக்கருவேலமோ எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை வெளியே இரும்பு, உள்ளே பஞ்சு; சுமை சீராக இருக்காது.

ப்ளக் ஒயரில் சுற்றிக் கட்டும், என்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டர் இருந்தால், கையேட்டில் உள்ள உச்ச வேகத்துக்கு 500 சுற்று கீழே நிறுத்துங்கள். 58 சிசி மெஷின்களில் அது 10,500 முதல் 11,000 வரை வரும். ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று மீட்டரில் அமைத்திருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். இல்லையென்றால் பாதியைக் காட்டும், அல்லது இரட்டிப்பாகக் காட்டும். வேகக் கட்டுப்பாடு உள்ள இக்னிஷன் காயில் கொண்ட ரம்பங்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. உச்சத்தில் காயிலே பொறியை வெட்டும். அந்த ஒலியும் அச்சு அசல் தடதடப்புதான். ரிச் என்று நம்பி இன்னும் மூடுவார்கள். அந்த மெஷினுக்கு மரத்தில் இறக்கிப் பார்ப்பதே தேர்வு.

முழு ரேஸிலும் எல் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எல் முதலில், ஹெச் பிறகு. கடைசியில் எல் ஸ்க்ரூவையும் ஐடிலையும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூவுக்குக் கட்டுப்படாத கோளாறுகளை ஸ்க்ரூவால் சரிசெய்யப் போவதுதான் பெரிய செலவு. ரேஸை விட்டபின் வேகம் இறங்காமல் தொங்கினால், எல் ஸ்க்ரூவைத் திறந்தும் அது மாறாவிட்டால், இன்டேக் ரப்பரிலோ கிராங்க் சீலிலோ காற்று கசிகிறது. ஐடிலில் ரம்பத்தை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். வேகம் மாறினால் சீல்தான் முதல் சந்தேகம். பத்து நிமிடம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் டேங்க் வென்ட் அடைப்பு. சோக்கில் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் டேங்க் பில்டர், பம்ப் டயாப்ரம் இரண்டையும் பாருங்கள். டயாப்ரம் கிட் மாற்றும்போது வரிசையை மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும். வால்ப்ரோ ரகக் கார்புரேட்டரில் பம்ப் பக்கம் பாடியை ஒட்டி டயாப்ரம், மூடியை ஒட்டி கேஸ்கட். அளக்கும் பக்கம் பாடியை ஒட்டி கேஸ்கட், அதன் மேல் டயாப்ரம். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நெம்புகோலின் உயரம் ரகத்துக்கு ரகம் வேறு. பழையதை அளந்து குறிக்காமல் வளைக்கக் கூடாது.

மேம்படுத்தல் என்றால் சின்ன ரம்பங்களில் பயனுள்ளது ஒன்றுதான். ஸ்டில் எம்எஸ் 170, 180 போன்றவற்றின் பல பதிப்புகளில் ஹெச் ஸ்க்ரூ இல்லை. நிலையான ஜெட் மட்டும். மலைக்கும் சமவெளிக்கும் அலையும் ஆளுக்கு, ஹெச் ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டரை மாற்றிக்கொள்வது நியாயமான செலவு. போல்ட் தூரமும் துடிப்புத் துளையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். துளை மறைந்தால் பம்ப் வேலை செய்யாது. கழுத்து அகலமான கார்புரேட்டர் வாங்கி 'பவர்' தேடுவது வீண். போர்ட்டும் சைலன்சரும் அப்படியே இருக்க, காற்றின் வேகம் குறைந்து ஐடிலும் டிரிகர் எழுச்சியும்தான் கெடும். சைலன்சர் வாயை அகலப்படுத்துகிறவர்கள் ஹெச்சை அன்றே திறந்து திரும்ப டியூன் செய்ய வேண்டும். தீப்பொறித் தடுப்பு வலையைப் பிடுங்கி எறிய வேண்டாம், காய்ந்த கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல் ஒரு பொறிக்கே பற்றும். ரேஸ் மந்தமென்றால் முதலில் அந்த வலையில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து டயாப்ரத்தை விறைக்க வைக்கும். விறைத்த டயாப்ரம் நெம்புகோலை முழுதாக அழுத்தாது, ஸ்க்ரூ எங்கே இருந்தாலும் கலவை லீன்தான்.