தூண் எழும் சாலையில் எந்த வழியாக நடப்பது?

சிங்கப்பூரில் கட்டப்பட்டுவரும் ஜூரோங் வட்டார ரயில்பாதை 24 கிலோமீட்டர் நீளம், 24 நிலையங்கள். முழுவதும் தரைக்கு மேலே. பாலம் மேலேதானே போகிறது, கீழே நடைபாதையை ஏன் அடைக்க வேண்டும்? தூண் எழுவதற்கு முன் தண்ணீர், எரிவாயு, மின்சார, தொலைத்தொடர்புத் தடங்களை நகர்த்த வேண்டும். பிறகு அடித்தூண், தூண், பாலத்துண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் தடுப்பு இடம் மாறும். போன மாதம் பழகிய வழி இந்த மாதம் இல்லாமல் போவது அதனால்தான்.

தற்காலிகப் பலகைகள் ஆரஞ்சு நிறத்தில், கறுப்பு எழுத்தில் இருக்கும். பழைய பலகை வேறு திசை காட்டினாலும் ஆரஞ்சைப் பாருங்கள். சாலைப் பணித்தளங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் நடைமுறை விதித்தொகுப்பு உண்டு. ஆனாலும் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ‘நடைபாதை மூடல்’ பலகை தடுப்பின் மேலேயே மாட்டியிருக்கும். அதுவரை நடந்து வந்த மூதாட்டி என்ன செய்வார்? திரும்பி நடக்கத் தெம்பில்லாமல் சாலையில் இறங்கிவிடுவார். பலகை இருக்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய சாலைக் கடப்பு.

கடப்பு இடம் மாறியிருந்தால் புதியதிலேயே கடக்க வேண்டும். கடப்பிலிருந்து 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் கடப்பது குற்றம். மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் விளக்கு எரியும் நேரத்தை 3 முதல் 13 விநாடி வரை நீட்டிக்கும் கருவி தற்காலிகக் கடப்பிலும் இருக்கிறதா என்று மூத்தோர் முதல் நாளே பார்த்துவைப்பது நல்லது.

சரிவுப்பாதையைக் கவனியுங்கள். கட்டட, கட்டுமான ஆணையத்தின் அணுகல் விதித்தொகுப்பு, 20 சென்டிமீட்டரைத் தாண்டும் ஏற்றத்துக்கு 1:12 சாய்வைச் சொல்கிறது. 30 சென்டிமீட்டர் ஏற 3.6 மீட்டர் நீளம் வேண்டும். இரும்புத் தகட்டைச் சாய்த்துப் போட்டால் சக்கர நாற்காலி ஏறாது, மழையில் வழுக்கும். தகட்டின் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்பது அதைவிட ஆபத்து, செருப்பு நுனி அதில்தான் மாட்டும்.

பேருந்து நிறுத்தம் மாறியிருந்தால் பழைய நிறுத்தத்தில் ஒட்டிய அறிவிப்பைப் படித்து, ஐந்து இலக்க எண்ணைக் கைப்பேசிச் செயலியில் சரிபாருங்கள்.

குறை கண்டால் ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் அனுப்பலாம். இரண்டு படம் எடுங்கள்: ஒன்று பழுதை நெருங்கி, இன்னொன்று சுற்றுப்புறம் தெரியும்படி. சாலைப் பெயருடன் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள். ‘எம்ஆர்டி ரயில் வேலை நடக்கும் இடம்’ என்று மட்டும் எழுதினால் எந்த இடம் என்று தெரியாது, அந்தச் சாலை முழுவதுமே வேலைத்தளம். கம்ப எண் இருந்தால் ஆள் நேரே அந்த இடத்துக்கே வர முடியும்.