சக்தி குறைந்ததால் வந்ததா?

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதாலதானே டாக்டர், அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்துடுச்சு?" தஞ்சாவூரில் நுரையீரல் பயாப்ஸி ரிப்போர்ட் வாங்க வரும் பிள்ளைகள் பலர் கேட்பது இது. கையில் ஏதாவதொரு சூரணப் பாக்கெட்டும் இருக்கும்.

மைக்ராஸ்கோப்பில் நான் பார்ப்பது பல நேரம் வேறு. இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேற்றிய திசுத் துணுக்கில், தாறுமாறாகப் பெருத்த புற்றுச் செல்களுக்கு நடுவிலேயே கருநீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு செல்கள் கிடக்கும். ஆள் வந்தாயிற்று, வேலைதான் நடக்கவில்லை.

லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்லின் மேல் பிடி-1 என்றொரு புரதம் உண்டு. டி செல் சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் அடக்கி வைப்பதற்கானது அது. புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன்மேல் காட்டி அதோடு பிணைந்துகொண்டால், டி செல் அடங்கிவிடும். 1992இல் பிடி-1ஐக் கண்டறிந்த குழு ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோவுடையது. 2018 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்தப் பிணைப்பைத் தடுப்பவைதான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள்.

எல்லாருக்கும் இவை கேட்பதில்லை. சிலருக்கு டி செல்கள் கட்டியின் ஓரத்து நார்த்திசுவிலேயே தேங்கிவிடும். மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். சிலருக்கு உள்ளே இருக்கும் மேக்ரோஃபேஜ்களே புற்றுக்குத் துணைபோகும். அதுவும் எதிர்ப்பு செல்தான். சரி, சூரணம் இதில் எதைக் கூட்டப்போகிறது?

பார்க்க வேண்டியது துணுக்கைத்தான். பிடி-எல்1 சோதனைக்குக் குறைந்தது 100 புற்றுச் செல்லாவது தேவை. பிடி-எல்1 காட்டும் புற்றுச் செல்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி, அதாவது மேலே சொன்ன மருந்துகள் மட்டுமே போதும் என்று முடிவெடுக்கவும் வாய்ப்புண்டு. புற்றுச் செல்லின் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுக்களில் மாற்றங்கள் இருந்தால் பெரும்பாலும் அவற்றைக் குறிவைக்கும் மாத்திரைதான் முதலில், அவற்றையும் பார்த்தாக வேண்டும். எங்களுக்கு வருவதோ ஃபார்மலின் பாட்டிலில் நூல் மாதிரி இரண்டு மூன்று துணுக்கு. "குத்தினா பரவிடும்" என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. சளியில் கிருமியே தெரியாமல், டிபியாக இருக்கும் என்று மாசக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு வருபவர்களும் உண்டு. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

சென்னைக்கோ திருச்சிக்கோ போவதாக இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, துணுக்கைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.